மூன்றாம் தடவை கூப்பிடும்வரை

ஜூன் 3, திங்கள்

இன்று காலை ஏழு மணிக்குப் பெரட்டுக்களத்தில் இருந்தவர்கள்: சின்னத்துரை, அதாவது உதவி மேனேஜர், பிரதீப். வருகைப் புத்தகம் எழுதும் ரைட்டர் தாமோதரன். நேற்றுவரை எங்கள் கங்காணியாக இருந்த சன்னாசி. பெண்கள் பத்துப் பேர்: சகாயராணி, பூவாத்தா, பேச்சி, லூர்து, இருளி, தங்கப்பூ, அன்னக்கொடி, சிட்டு, மாரித்தாய், செவத்தா. பதினொன்றாவதாக நான். வேறு ஆள் இல்லை. தலைகளை நானே இரண்டு முறை எண்ணினேன்.

முடிமலை எஸ்டேட் மூன்றாவது டிவிஷனில் கொழுந்து எடுப்பது பூராவும் பெண்கள். காலையில் பெரட்டு நடத்தி, அதாவது களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த வரிசை என்று பிரித்துக் கொடுப்பது ஆண்கள். இன்று முதல் நான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் இருபத்தைந்தாம் தேதி பார்வையிட வருகிறார்கள். அவர்கள் தாளில் ‘பெண் சூப்பர்வைசர்கள் எத்தனை பேர்’ என்று ஒரு கேள்வி இருக்கிறதாம். அதில் பூஜ்யம் போட முடியாதாம்.

என்னை ஏன் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த மார்ச்சில் எனக்கு ரிட்டையர்மென்ட். நாற்காலி தானாகக் காலியாகிவிடும். சகாயராணி பிளஸ் டூ படித்தவள், வயது முப்பத்தெட்டு. இந்த வேலைக்கு மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். முதல் தடவை, கைக்குழந்தை இருக்கிறது என்றார்கள். அடுத்த தடவை, ஆம்பளைகள் பேச்சுக் கேட்கமாட்டார்கள் என்றார்கள். கடைசியாகக் கொடுத்த காகிதத்தைக் காணவில்லை என்றார்கள். அந்தக் காகிதத்தில் தாமோதரன் வடை வைத்துத் தின்றதை நான் பார்த்தேன். 2016 ஆகஸ்டு, ஒரு செவ்வாய்க்கிழமை. பருப்பு வடை.

அதனால் சின்னத்துரையிடம் எல்லார் முன்னாலும் கேட்டேன். “இந்த மாசத்த நான் ஒழுங்கா ஓட்டிட்டேன்னா, எனக்கப்புறம் சகாயத்துக்குத் தரணுங்கய்யா.”

“தரலாம்மா,” என்றார். “ஆனா பெரட்டு பத்து நிமிஷத்துல முடியணும். சன்னாசி ஆறு நிமிஷத்துல முடிக்கிறார். உங்களால முடியலைன்னா, பெண்களுக்கு இது சரிப்படலைன்னு நான் ரிப்போர்ட் எழுத வேண்டியிருக்கும். அதுக்கப்புறம் யாரும் வந்து கேக்க முடியாது.”

சன்னாசி விசிலைத் தரவில்லை. அது அவன் அப்பா பரமாண்டி கங்காணியின் விசிலாம். நான் வாயால் கூப்பிட்டேன். “சிட்டு.” பனிமூட்டம் முகம் தெரியாதபடி நின்றது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. மூன்றாம் தடவைதான் “இருக்கேன்” என்றாள். பத்துப் பேருக்கும் அப்படியே. முடிய இருபத்தொரு நிமிஷம்.

அவர்கள் மேல் கோபப்பட முடியாது. மூட்டத்துக்குள்ளிருந்து பெண் குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாம் தடவைவரை வாய் திறக்கக் கூடாது. ஆகாதது இரண்டு தடவைதான் கூப்பிடும். பதில் சொன்னவள் அதன் பின்னாலேயே போய்விடுவாள். ஆண் குரலுக்கு இது கிடையாது. இந்த மலையில் பிள்ளைகள் நடக்கப் பழகுமுன் இதைப் பழகிக்கொள்கிறார்கள்.

சூப்பர்வைசருக்கு என்று இந்த டைரியைக் கொடுத்தார்கள். எத்தனை கிலோ, என்ன மழை என்று எழுதுவதற்கு. கிலோவைத் தாமோதரன் எழுதுகிறார். மற்றதை நான் எழுதுகிறேன்.

சிட்டுவை முதல் தடவை கூப்பிட்டபோதே பதில் வந்தது போலிருந்தது. களத்திலிருந்து இல்லை. மேலே சில்வர் ஓக் மரங்கள் நிற்கும் பக்கமிருந்து. காதில் அடைப்பு. நல்லெண்ணெய் காய்ச்சி விட வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

மழை. பத்தொன்பது நிமிஷம். பேரனுக்குச் சளி. எண்ணெய் விட்டும் கேட்கவில்லை; இன்று இரண்டு பேருக்கு மேலேயிருந்து பதில் வந்தது.

ஜூன் 6, வியாழன்

பத்து மணிச் சாயாவுக்கு உட்கார்ந்தபோது பூவாத்தாவைப் பிடித்தேன். அவள் ஒருத்தி மாறினால் மற்றவர்கள் மாறுவார்கள்.

“யக்கா, உங்க மூஞ்சி தெரிஞ்சா நான் ஒரு தடவையிலயே சொல்லிருவேன்,” என்றாள். “மூட்டத்துல மூஞ்சி எங்க தெரியுது? எனக்கு மூணு புள்ள இருக்கு.”

“குரல் தெரியலையாடி? இருபது வருசமாக் கேக்குறே.”

“தெரிஞ்ச குரல்லதானே அது கூப்பிடும். தெரியாத குரல்ல கூப்பிட்டா யாரு போவா?”

பேச்சி கேட்டாள், “ஏன், சன்னாசி மச்சான் குரல்ல வந்து கூப்பிடாதாக்கும்?”

“அந்தாளு குரல்ல கூப்பிட்டா பேயே பின்னாடி போகாது.”

எல்லாரும் சிரித்தார்கள். சகாயம் சிரிக்கவில்லை. சாயா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சில்வர் ஓக் மேட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

ஜூன் 8, சனி

டார்ச் விளக்கை என் முகத்தில் அடித்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தேன். வெளிச்சத்தில் மூட்டம் பால் மாதிரி ஆனதுதான் மிச்சம். முகம் தெரியவில்லை. அடுத்தடுத்து ஒட்டி நிற்கச் சொன்னேன். ஒட்டி நின்று ஒன்றாகப் பேசாமல் இருந்தார்கள்.

சன்னாசி குடை பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறான்: “இருவது ஆச்சு சித்தி. நீங்க பாவம். இந்த வயசுல உங்களப் போயி வதைக்கிறாங்க.” அவன் பேச்சில் சர்க்கரை இருக்கும். அவன் அப்பா பேச்சிலும் இருந்தது.

சின்னத்துரை இருபதாம் தேதிவரை பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஜூன் 10, திங்கள்

இந்த டிவிஷனில் பேர் கூப்பிடும் முதல் பெண் நான்தான் என்று சின்னத்துரை யாரிடமோ போனில் சொன்னார். அவருக்கு இருபத்தெட்டு வயது. சொல்லட்டும்.

1989 ஜூலையில் அருளாயி கூப்பிட்டாள். சகாயத்தின் அம்மா. பரமாண்டி கங்காணிக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, அப்போதிருந்த பெரியதுரை அவளை நிறுத்திக் கூப்பிடச் சொன்னார். அவள் கூப்பிட்டால் எதிர்மலை திருப்பிக் கூப்பிடும். ஐந்து நிமிஷத்தில் பெரட்டு முடிந்து, நாங்கள் தேயிலைக் காட்டில் இருப்போம். இனி இவளே இருக்கட்டும் என்று பெரியதுரை சொன்னார். காய்ச்சல் விட்ட பரமாண்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு களத்து ஓரத்தில் நின்று அதைக் கேட்டார்.

ஐந்தாம் நாளிலிருந்து பெண்கள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் தடவைதான் வாய் திறந்தார்கள். ஒன்பதாம் நாள் அவளை இறக்கிவிட்டார்கள். பத்தாம் நாள் ஒன்பதாம் நம்பர் காட்டில், எல்லை ஓடைக்குப் பக்கத்தில், தனியாகக் கவாத்து வெட்ட பரமாண்டி அனுப்பினார். சாயங்காலம் அவள் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து ஓடைப் பள்ளத்தில் கிடைத்தாள். கால் முறிந்திருந்தது. விழுந்ததும் சாகவில்லை, அதற்கு வெகுநேரம் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். சகாயத்துக்கு அப்போது மூன்று வயது.

நான் அன்று பக்கத்துக் காட்டில், எட்டாம் நம்பரில் இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. போலீஸிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஜூன் 12, புதன்

பதினெட்டு நிமிஷம். பத்துப் பேருக்கும் முதல் தடவையிலேயே மேலேயிருந்து “இருக்கேன்” வந்தது. இனிக் காதைக் குறை சொல்ல முடியாது.

மத்தியானம் எடைக் கொட்டகையில் ஒரு கூத்து. பத்துப் பேர், பத்துப் பை. கொக்கியில் பதினொன்றாவது பை ஒன்று தொங்கியது. யாருடையது என்று கேட்டேன். எல்லாரும் அவரவர் பையைத் தொட்டுக் காட்டினார்கள். அவிழ்த்துப் பார்த்தேன். இப்போது எல்லாரும் கத்தரியால் வெட்டுகிறோம். குச்சியும் கிழிந்த இலையும் சேர்ந்து வரும். இந்தப் பையில் அத்தனையும் இரண்டு இலை ஒரு மொட்டு, நகத்தால் கிள்ளியது. கத்தரி வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இப்படிக் கிள்ளுகிற விரல் இப்போது இந்த டிவிஷனில் இல்லை.

லூர்து ஒரு பிடி எடுத்து மோந்துவிட்டு உடனே போட்டாள். “சில்லுன்னு இருக்குக்கா,” என்றாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

தாமோதரன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “எந்தப் பேர்ல எழுத? புத்தகத்துல இல்லாத ஆளு கொழுந்து எடுக்க முடியாது,” என்றார். சொல்லிவிட்டு அவரே பேனாவை மூடினார்.

ஜூன் 13, வியாழன்

ரேஷன் கடையிலிருந்து வரும் வழியில் சகாயம் கூட நடந்தாள். என் பையையும் வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பத்து வயது ஆகும்வரை என் வீட்டில்தான் சாப்பாடு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

“அத்தை, நீங்க பேர் கூப்பிடறப்ப யாரு பதில் சொல்றா?”

“நீங்கதான். மூணாந்தடவை.”

“அது இல்ல. மொதத் தடவை.”

நான் செருப்பில் ஏறிய அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“எனக்கும் கேக்குது,” என்றாள். “மத்தவங்களுக்கும் கேக்குது. யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. எங்கம்மா குரல் எப்படி இருக்கும் அத்தை?”

“மறந்துபோச்சு,” என்றேன்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். அவள் காதுகுத்துக்கு யார் யார் வந்தார்கள், யார் பாயசத்தைக் குறை சொன்னார்கள் என்று போன மாசம்தான் ஒப்பித்திருந்தேன்.

ஜூன் 15, சனி

பரமாண்டிக் கிழவர் என்னைப் பார்க்க வேண்டும் என்றாராம். எண்பத்தாறு வயது. வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். சன்னாசி எனக்கு ஸ்டூல் போட்டான்.

“ஏபுள்ள, பேரு கூப்பிடுதியாமே.”

“ஆமாங்க.”

“எத்தன தடவ?”

கிழவருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. சன்னாசி நெஞ்சைத் தடவிவிட்டான்.

“மூணு தடவைக் கத இன்னுமா ஓடுது? நான் குழாயடியில உன் ஒருத்திகிட்டத்தானே சொன்னேன். அஞ்சு லைன் வீட்டுக்கும் நீதானே கொண்டுபோயிக் குடுத்தே. என்னா வேகம். மறுநாக் காலையில ஒருத்தி வாயத் தொறக்கல.”

சன்னாசி என்னைப் பார்த்தான். அவனுக்கும் அது புதுச் செய்தி என்று முகத்தில் தெரிந்தது. பிறகு மெல்லப் புன்னகை செய்தான்.

கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது. வயதானால் அப்படித்தான்.

ஜூன் 16, ஞாயிறு

துணி காயவில்லை. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 17, திங்கள்

பதினெட்டு நிமிஷம். இன்னும் மூன்று நாள்தான்.

பொய் எழுதிய டைரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது. எழுதிவிடுகிறேன்.

அருளாயியும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவள் பேர் கூப்பிட ஆரம்பித்த மூன்றாம் நாள் நான் பத்து நிமிஷம் பிந்திப் போனேன். மகன் வாந்தி எடுத்திருந்தான். அவள் எனக்கு அரைப்பேர் போட்டாள், அதாவது அரை நாள் வேலை என்று. ஏண்டி என்று கேட்டேன். “களத்துல சேக்காளி கெடயாதுடி. பேருதான்,” என்றாள். எல்லார் முன்னாலும். இருபத்திரண்டு வயதில் அது சாட்டையடி மாதிரி இருந்தது.

மறுநாள் குழாயடியில் பரமாண்டி வந்து சொன்னார், மூட்டத்தில் பெண் குரல் பேர் கூப்பிடுவது ஆகாது, மூன்றாம் தடவைவரை பேசாமலிருப்பது நல்லது என்று. எதற்குச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அஞ்சு லைனுக்கும் போனேன். கண்ணை உருட்டிச் சொன்னேன். கீழ் எஸ்டேட்டில் ஒரு கர்ப்பிணி முதல் குரலுக்குப் பதில் சொல்லிப் போய்விட்டாள் என்று சேர்த்தேன். அது அவர் சொல்லாதது. என் சொந்தச் சரக்கு.

பத்தாம் நாள் சாயங்காலம் நாலு மணி. எட்டாம் நம்பரில் கடைசி வரிசையில் நான் தனியாக நின்றேன். ஓடைப் பக்கமிருந்து மூட்டத்துக்குள் கேட்டது. “வெள்ளத்தாயி.”

என் பேர். அவள் குரல். கையில் கொழுந்தோடு நின்றேன்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி. “வெள்ளத்தாயி.”

அந்தக் கதை நான் கட்டியது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வந்தால் போகலாம் என்று நின்றேன். அரைப்பேர் போட்டவள் மூன்று தடவை கூப்பிடட்டுமே என்றும் இருந்தது. பயம், வீம்பு, இரண்டும் இருந்தது. மூன்றாவது வரவில்லை. நாலரைக்குச் சங்கு ஊதியது. வீட்டுக்குப் போய் ரசம் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது.

அவளைத் தூக்கி வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீ சொன்னது சரியாகப் போய்விட்டது, முதல் குரலுக்கே பதில் சொல்லிப் போயிருக்கிறாள் என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்குத்தான் அது இந்த மலையின் வழக்கமாகிவிட்டது. முப்பத்தைந்து வருஷமாக ஒரு பெண்ணும் இங்கே பேர் கூப்பிட முடியாமல் அது காவல் காத்தது.

இந்தப் பதினைந்து நாளாக என் முதல் குரலுக்குப் பதில் சொல்கிறவள் அவள் ஒருத்திதான்.

ஜூன் 18, செவ்வாய்

சின்னத்துரையும் சன்னாசியும் இருக்கும்போதே சொன்னேன். புத்தகத்தைத் திறக்குமுன், “அருளாயி,” என்று கூப்பிட்டேன். ஒரே தடவை.

மேட்டிலிருந்து பதில் வரவில்லை. இன்று அங்கே ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. குருவிச் சத்தம்கூட இல்லை. அந்த மாதிரி அமைதியை நான் கேட்டதில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடி, அஞ்சு லைன், கர்ப்பிணி, நாலு மணி, இரண்டு தடவை. சகாயம் இருந்த திசையைப் பார்த்துச் சொன்னேன். மூட்டத்தில் அவள் முகம் தெரியவில்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதையும் எழுதுகிறேன்.

பூவாத்தாதான் முதலில் பேசினாள். “எங்கம்மா சாகுற வரைக்கும் நம்புனா. கொல்லையில நின்னு நான் கூப்பிட்டாக்கூட மூணு தடவை. அடுப்புல எனக்குச் சேலையில தீப்புடிச்சப்பவும் மூணு தடவை கூப்பிட்டேன். இந்தத் தழும்பு அதுதான். எல்லாம் உங்க வாய்தானாக்கா.”

“ஆமாடி,” என்றேன்.

“சரி, கூப்பிடுங்க,” என்று ஒரு குரல். சகாயம்.

“சகாயராணி,” என்றேன்.

“இருக்கேன்.” பேர் முடியுமுன் வந்தது. அதன் பிறகு ஒவ்வொருத்தியாக, ஒரே தடவையில். செவத்தாவுக்கு மட்டும் குரல் நடுங்கியது. நாலரை நிமிஷம். சின்னத்துரை கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று.

ஜூன் 19, புதன்

நாலு நிமிஷம். யாரும் என்னோடு சாயா குடிக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

என்னை இறக்கிவிட்டார்கள்.

சன்னாசி ஆபீசில் போய்ச் சொல்லியிருக்கிறான்: களத்தில் நின்று செத்தவளைக் கூப்பிட்டாள், பெண்கள் மிரண்டுபோயிருக்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் இப்படிப் பேசினால் என்ன ஆகும் என்று. சின்னத்துரை என்னை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசினார்.

“உங்க நேரம் நல்லாத்தான் இருந்தது. ஆனா இது சென்சிட்டிவ் விஷயம்மா. இருபத்தஞ்சாம் தேதி மட்டும் சூப்பர்வைசர் தொப்பி போட்டு முன்னாடி நில்லுங்க. போட்டோவுக்கு. கூப்பிடறத சன்னாசி பாத்துக்கட்டும்.”

“அப்ப சகாயம்?”

“நான் என்ன எழுத முடியும்? ஒரு பெண்ணைப் போட்டோம், இப்படி ஆச்சு. அதைத்தானே எழுத முடியும்.”

நாலு நிமிஷத்தில் முடித்தும் நானே அவளுக்குக் குழி வெட்டிவிட்டேன். அம்மாவுக்கும் மகளுக்கும்.

ஜூன் 21, வெள்ளி

நானும் வரிசையில் நின்றேன். சன்னாசி விசில் அடித்தான். நல்ல மூட்டம்.

“சிட்டு.”

பதில் இல்லை.

“ஏ சிட்டு.”

இல்லை. மூன்றாம் தடவை, “இருக்கேன் மச்சான்,” என்றாள். பேச்சிக்கும் அப்படி. அன்னக்கொடிக்கும் அப்படி. யாரும் யாரிடமும் பேசிவைத்ததாகத் தெரியவில்லை. என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை.

“என்னாங்கடி வெளாட்டு?”

பூவாத்தா சொன்னாள், “மூட்டத்துல ஆம்பளக் குரல் கேட்டா மூணு தடவ பொறுக்கணுமாம் மச்சான். இப்பத்தான் வந்திருக்கு. உங்க அப்பாகிட்ட வேணா கேட்டுப் பாருங்க.”

சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. சன்னாசி “லூர்து” என்று முதல் தடவை கூப்பிட்டான், லூர்து என் பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், மேட்டிலிருந்து தெளிவாக வந்தது: “இருக்கேன்.”

சன்னாசி இதுவரை அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. அவன் குடை மெதுவாகச் சாய்ந்து, மழை அவன் புத்தகத்தில் விழுந்தது. அடுத்த பேருக்கும் வந்தது. அதற்கடுத்த பேருக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டத்தில்.

இருபத்தாறு நிமிஷம்.

ஜூன் 22, சனி

சன்னாசி விசிலை வாயில் வைத்தான். காற்று வரவில்லை. மூன்று தடவை வைத்தான். பிறகு, “காய்ச்சலா இருக்குங்கய்யா,” என்று சின்னத்துரையிடம் சொல்லிவிட்டு, மேட்டைப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

ஏழே முக்காலுக்கும் ஒருத்தியும் காட்டுக்குள் இறங்கவில்லை. கீழே ஃபாக்டரியிலிருந்து கொழுந்து எங்கே என்று போன் வந்தது. சின்னத்துரைக்கு வியர்த்துவிட்டது. “யாரு கூப்பிட்டா பதில் சொல்வீங்க? அதையாவது சொல்லுங்க.”

பத்துத் தலைகளும் சகாயம் பக்கம் திரும்பின. சகாயம் மட்டும் நேராகப் பார்த்தாள்.

“சரி. வெளிநாட்டுக்காரங்க ஆடிட் முடியுறவரைக்கும் நீங்க கூப்பிடுங்க.”

“முடிஞ்ச அப்புறமும்னு எழுதிக் குடுங்கய்யா,” என்றாள் லூர்து. “கையெழுத்து போட்டு. ரெண்டு காப்பி. காகிதம் காணாமப்போற எஸ்டேட்டு இது.”

தாமோதரன் குனிந்து செருப்பைப் பார்த்தார். சின்னத்துரை எழுதிக் கொடுத்தார். ஒரு காப்பி சகாயத்திடம். இன்னொன்றைப் பூவாத்தா ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 23, ஞாயிறு

சகாயம் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். சாயா கொடுத்தேன், குடித்தாள். காலி டம்ளரைத் தரையில் வைத்தாள்.

“ரெண்டு தடவைன்னீங்களே. ரெண்டாவது தடவை பேர முழுசாச் சொல்லுச்சா?”

“சொன்னா.”

“இழுத்தா, சாதாரணமாவா?”

“சாதாரணமாத்தான். களத்துல கூப்பிடற மாதிரி.”

“அப்பப் பேசுற தெம்பு இருந்திருக்கு,” என்றாள்.

வெளியே யார் வீட்டிலோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் அவள் காலைத் தொடக் குனிந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“அதெல்லாம் வேணாம் அத்தை. மன்னிச்சியான்னு கேட்டு வாசல்ல வந்து நிக்காதீங்க. எனக்கே தெரியல. தெரிஞ்சா சொல்றேன்.” எழுந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். “நாளைக்கு ஏழு மணி. லேட்டா வந்தா அரைப்பேர்தான் போடுவேன்.”

ஜூன் 25, செவ்வாய்

வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். தொப்பி சகாயத்தின் தலையில் இருந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மாள், இந்த எஸ்டேட்டில் பெண்கள் பேர் கூப்பிடுவது எத்தனை வருஷமாக நடக்கிறது என்று கேட்டாளாம். சின்னத்துரை யோசித்துக்கொண்டிருக்கும்போதே சகாயம், “எய்ட்டி நைன்லேர்ந்து,” என்றாள்.

ஜூன் 26, புதன்

ஆறே முக்காலுக்கே போய்விட்டேன். மூட்டத்தில் உருவம்தான் தெரிந்தது, முகம் இல்லை.

திங்களும் செவ்வாயும் மூட்டம் இல்லை, சகாயம் மெல்லத்தான் கூப்பிட்டாள்; இன்று உரக்க, விசில் இல்லாமல் வாயாலேயே. எதிர்மலை திருப்பிக் கூப்பிட்டது. முப்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் அந்த மலை வாய் திறந்து கேட்கிறேன். ஒரே தடவை, ஒவ்வொருத்தியாக. கடைசியில் என் பேர். “வெள்ளத்தாயி.” அதே குரல்தான். என்னை அறியாமல் ஓடைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

“இருக்கேன்,” என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற சிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் பதிலுக்குப் பிறகு இன்னொரு “இருக்கேன்” வந்தது. மேட்டிலிருந்து இல்லை, எங்கள் வரிசையிலிருந்தே, செவத்தாவுக்கு அந்தப் பக்கமிருந்து. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. சகாயம் தலை நிமிராமல் புத்தகத்தில் அதற்கும் ஒரு கோடு போட்டாள்.

காட்டுக்குப் போகும் வழியில் பூவாத்தா கேட்டாள், இந்த மலையில் யார் யார் மேல் எனக்கு இன்னும் வஞ்சம் இருக்கிறது என்று. கேலிக்குத்தான் கேட்டாள். வரிசையில் நின்று வெட்டும்போது யோசித்தேன். சன்னாசி அவன் அப்பா கொடுத்ததை வைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். பரமாண்டி பொய் சொன்னார். அதைத் தூக்கிக்கொண்டு அவர் நடக்கவில்லை. துரைமார் எழுதுகிறதை எழுதுவார்கள். அருளாயி எனக்குப் போட்ட அரைப்பேர் நியாயம்தான், நான் பிந்தித்தான் போனேன். சகாயம் என்றைக்காவது வந்து மனசு ஆறிவிட்டது என்று சொன்னாலும் சொல்வாள். அது அவள் பாடு. நான் ஆறப்போவதில்லை. எட்டாம் நம்பர் காட்டில், கடைசி வரிசையில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், கையில் கொழுந்தோடு மூன்றாம் தடவைக்குக் காத்து நின்றாள் ஒருத்தி. அவளை மட்டும் விடமாட்டேன்.

வெள்ளத்தாய்.